பொருள்: ஓவர்கிளாக்கிங் – ‘மிகைக்கடிகாரம்’ பொருந்தவில்லை, ‘துடிப்பேற்றல்’ என்று சொல்லிப் பார்ப்போம்

குழுவினருக்கு வணக்கம்.

தக்கலை டீச்சர் கேட்ட கேள்வியிலிருந்து இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. மேல்நிலைப் பிள்ளைகளுக்காக அவர் எழுதும் கணினி வன்பொருள் கையேட்டில் ஓவர்கிளாக்கிங்குக்கு, அதாவது செயலியையோ நினைவகத்தையோ நிறுவனம் உறுதியளித்த அளவுக்கு மேல் விரைவாகத் துடிக்க வைப்பதற்கு, ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். இதுவரை வந்தவை மிகைக்கடிகாரம், முடுக்கம், அதிவேகமாக்கல், அதிர்வெண் உயர்த்தல். அப்புறம், ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தும் வந்திருக்கிறது.

நான் நாகர்கோவிலில் கணினி விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்கிறவன். பிள்ளைகள் செயலியையும் நினைவகத்தையும் கொண்டுவந்து ‘இதை எவ்வளவு ஏத்தலாம் அண்ணாச்சி’ என்று கேட்கிற இடம் என் கடை. அந்தக் கேள்வியிலேயே நமக்கு வேண்டிய வினைச்சொல் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு முன்னால், அந்த வேலையில் உண்மையில் எதைத் தொடுகிறோம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் வைத்து வாதாடினால் இந்த இழை முடியவே முடியாது.

தாய்ப்பலகையில் ஒரு படிகத்தை ஆதாரமாகக் கொண்ட துடிப்பாக்கி இருக்கிறது. இன்றைய மேசைக்கணினிகளில் அது தரும் அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். செயலி அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. எண் 42 என்றால் 4200 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.2 கிகாஹெர்ட்ஸ். கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அமைப்பு நிரலுக்குள் போய் அந்த 42ஐ 43, 44 என்று மாற்றுவதுதான் வேலையின் முதல் படி.

ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் உள்ள நேரத்துக்குள் செயலியின் ஒவ்வொரு படியும் தன் கணக்கை முடித்து, விடையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். 4 கிகாஹெர்ட்ஸில் அந்த இடைவெளி 0.25 நானோநொடி. 5 கிகாஹெர்ட்ஸில் 0.2 நானோநொடி. விடை தயாராகும் முன்பே அடுத்த துடிப்பு வந்துவிட்டால் அரைகுறை விடை பதிவாகிவிடும். நீலத்திரை, கணினி உறைந்துபோவது, தானாக அணைந்து எழுவது எல்லாவற்றுக்கும் அடியில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும், விடை நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் மின்செலவு துடிப்போடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. 4.2இலிருந்து 4.6க்குப் போக மின்னழுத்தத்தை 1.20இலிருந்து 1.30 வோல்ட்டாக்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துடிப்பு கூடியது பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த வகையில் எரியும் மின்சாரம் கூடியது 28 விழுக்காட்டுக்கு மேல். அத்தனையும் வெப்பமாக வெளியே வரவேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம்.

> கிளாக் என்றால் கடிகாரம், ஓவர் என்றால் மிகை. மிகைக்கடிகாரம் என்பதே நேரான சொல்.

அண்ணாச்சி, கோபிக்காமல் கேளுங்கள். செயலிக்குள் ஓடுவது மணி காட்டும் கருவி இல்லை. ஆனால் அதே தாய்ப்பலகையில் உண்மையாகவே மணி காட்டும் கடிகாரம் ஒன்று தனியாக இருக்கிறது. கடைகளில் சிமாஸ் பேட்டரி என்று கேட்டு வாங்குகிறோமே, சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி, அது கணினி அணைந்திருக்கும்போது உயிரோடு வைத்திருப்பது அந்தக் கடிகாரத்தைத்தான். அதன் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இரண்டை இரண்டாலேயே பெருக்கி 15 அடுக்கு போனால் வரும் எண் அது. திரும்பப் பாதி பாதியாகக் குறைத்தால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும் என்பதால் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கையேட்டில் ‘கடிகாரத்தை மிகையாக்குதல்’ என்று படிக்கும் பிள்ளை, கணினியில் மணி வேகமாக ஓடும் என்றுதானே நினைக்கும்? செயலியை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனாலும் திரையின் மூலையில் மணி சரியாகத்தான் ஓடும். கடிகாரம் என்ற சொல்லை அந்த உண்மையான கடிகாரத்துக்கே விட்டுவிடுவோம். செயலிக்கு வருவது துடிப்பு. மின்னணுவியலில் அது ஏற்கெனவே புழங்கும் சொல்தான், புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

மிகை என்ற முன்னொட்டும் எனக்கு ஒப்பவில்லை. மிகை என்றால் தேவைக்கு மேற்பட்டது, வேண்டாதது. இந்த வேலையின் நோக்கமோ அளவுக்கு மிஞ்சுவது அல்ல. அந்தக் குறிப்பிட்ட சில்லு பிழையில்லாமல் தாங்கும் மேல் எல்லை எது என்று தேடிக் கண்டுபிடிப்பது. ஒரே பெட்டி, ஒரே மாதிரி எண் உள்ள இரண்டு செயலிகளில் ஒன்று 4.8ஐத் தாங்கும், இன்னொன்று 4.6க்கே திணறும். செய்யும்போது சிலிக்கானில் வரும் நுண்ணிய வேறுபாடு அது.

முடுக்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயற்பியலில் அதற்கு உறுதியான பொருள் இருக்கிறது, பத்தாம் வகுப்புக்குள் படித்துவிடுகிறார்கள். கணினியிலும் வன்பொருள் முடுக்கம் என்று வேறொன்றுக்குப் போய்விட்டது.

அதிவேகமாக்கல் என்ற சொல்லில் ஒரு தப்பான வாக்குறுதி இருக்கிறது. அதைக் காட்ட நினைவகம்தான் நல்ல இடம். டிடிஆர்4 நினைவகத்தில் 3200 என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகள் 3200 மெகாஹெர்ட்ஸ் என்றே சொல்கிறார்கள். உண்மையான துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்திலும் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை தரவு போவதால் நொடிக்கு 3200 மில்லியன் பரிமாற்றம். அப்புறம் சிஎல்16 என்று ஓர் எண். கேட்ட தரவு வருவதற்கு 16 துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். 1600 மெகாஹெர்ட்ஸில் 16 துடிப்பு என்றால் 10 நானோநொடி. இனி 3600, சிஎல்18 நினைவகத்தை எடுங்கள். 1800 மெகாஹெர்ட்ஸில் 18 துடிப்பு, அதே 10 நானோநொடி. 3600ஐ எப்படியாவது எட்ட வேண்டும் என்று காத்திருப்பை 22 ஆக்கினால் 12 நானோநொடிக்கு மேல் போய்விடும். ஒரே மூச்சில் அள்ளும் அளவு கூடும், முதல் சொட்டு வரும் நேரமும் கூடும். சில வேலைகளுக்கு லாபம், சிலவற்றுக்கு நட்டம். ஆக, நாம் கைவைத்து மாற்றுவது துடிப்பை. வேகம் வரலாம், வராமலும் போகலாம். கைவைக்கிற பொருளின் பெயரைத்தான் சொல்லில் வைக்க வேண்டும்.

இதைத் தட்டச்சு செய்யும்போதே கவனித்தேன், துடிப்பு என்ற சொல்லைப் பிடித்தவுடன் சிஎல் என்பதும் தமிழில் தானாக விளங்கிவிடுகிறது. ‘16 துடிப்பு காத்திருப்பு’ என்றால் ஒரு பிள்ளைக்கு விளக்கம் வேண்டாம். ‘16 கடிகாரம் காத்திருப்பு’ என்று சொல்ல முடியுமா?

> அதிர்வெண் உயர்த்தல் என்பதே அறிவியல்படி துல்லியம்.

துல்லியம்தான், மறுக்கவில்லை. அளவைச் சொல்லும்போது ‘துடிப்பின் அதிர்வெண் 4.6 கிகாஹெர்ட்ஸ்’ என்று எழுதுவதில் தவறே இல்லை. ஆனால் அதிர்வெண்ணை உயர்த்திய செயலி, அதிர்வெண் உயர்த்தப்பட்ட நினைவகம் என்று ஒவ்வொரு வரியிலும் எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரியில் எழுதுகிறவரே சலித்துப்போய் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். வானொலி, ஒலி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் அதிர்வெண் உண்டு என்பதால், இந்த வேலைக்கு மட்டுமான சொல்லாக அது நிற்காது.

ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளலாம் என்ற குளச்சல் நண்பருக்கு: பேச்சில் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள், அதிலும் சுருக்கி ‘ஓசி பண்ணுறது’ என்கிறார்கள். இந்தச் சுருக்கம் தமிழ்க் காதுக்கு வேறொரு பொருளைக் கொண்டுவருகிறது. ஓசியில் கிடைக்கிற வேகம், காசு கொடுக்காமல் வாங்கிய கூடுதல் என்ற நினைப்பு அதோடு ஒட்டிக்கொள்கிறது. மேலே பார்த்த 28 விழுக்காடு அதன் விலை. கூடுதல் குளிர்விப்பான், சில்லின் ஆயுள், உத்தரவாதம் என்று இன்னும் விலை உண்டு. ஒரு பையன் கையிலிருக்கும் பொருளைக் கெடுத்துக்கொள்வதற்கு இந்த நினைப்பே போதும். இதற்காகவாவது நமக்கு நல்ல சொல் வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

என் முன்மொழிவு: வினையாக துடிப்பேற்று, பெயராக துடிப்பேற்றல்.

தமிழில் ஏற்று என்று முடியும் வினைகளை நினைத்துப் பாருங்கள். சூடேற்று, மெருகேற்று, முறுக்கேற்று, உருவேற்று, வலுவேற்று. எல்லாமே ஒருவர் வேண்டுமென்றே, படிப்படியாக, கவனத்தோடு ஒரு பண்பைக் கூட்டுவது. இந்த வரிசையில் துடிப்பேற்று புதுச்சொல் போலவே தெரியாது. ஈத்தாமொழிப் பக்கம் கயிறு திரிக்கிறவர்கள் முறுக்கேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கு போதாவிட்டால் கயிறு இழுவை தாங்காது, கூடிப்போனால் சுருண்டு கொண்டைபோட்டுக்கொள்ளும். சரியான இடம் எது என்பது நாரைப் பொறுத்து மாறும், கை பார்த்துத்தான் சொல்லும். நம்முடைய வேலையின் இயல்பும் இதுவே என்பதால் ஏற்று என்ற வினை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. டீச்சர் எழுப்பிய நல்ல கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

> இப்போதைய செயலிகள் தேவைப்படும்போது தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. அதற்கும் இதே சொல்லைத்தானே சொல்ல வேண்டிவரும்? இரண்டையும் பிள்ளைகள் எப்படிப் பிரித்தறிவார்கள்?

டீச்சர், தன்வினை, பிறவினை என்று நீங்கள் வகுப்பில் நடத்துவதுதான் இதற்கு வழி. ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. டர்போ என்று நிறுவனங்கள் சொல்வது, செயலி தன் வெப்பத்தையும் மின்செலவையும் பார்த்துக்கொண்டு, செய்தவர் வகுத்த எல்லைக்குள் தானாக மேலே போவது. அங்கே துடிப்பு ஏறுகிறது, அது துடிப்பேறுதல். நாம் பயாஸில் எண்ணை மாற்றினால் துடிப்பை ஏற்றுகிறோம், அது துடிப்பேற்றுதல். சூடு அளவு மீறியதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகக் கீழே வருவது துடிப்பிறங்குதல். இன்டெல் செயலிகள் பலவற்றில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. சத்தமும் சூடும் மின்செலவும் குறையட்டும் என்று நாமே கீழே கொண்டுவருவது துடிப்பிறக்குதல்.

நான்கு ஆங்கிலச் சொற்களுக்கு நான்கு இடங்களில் தனித்தனியாகத் தேடாமல், இரண்டு வினைகளின் இரண்டு வடிவங்களிலேயே வேலை முடிந்துவிடுகிறது. யார் செய்கிறார், எது தானாக நடக்கிறது என்ற வேறுபாடு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் துடிப்பேற்றம் என்று மகரத்தில் முடிக்க வேண்டாம் என்கிறேன். விலையேற்றம் என்றால் விலை ஏறியதா, ஏற்றினார்களா என்று தெரியாது. ஏற்றல், ஏற்றுதல் என்றால் ஐயமில்லை. இறங்கல் என்ற வடிவத்தை மட்டும் தவிர்த்துவிடலாம், காதில் இரங்கல் என்று விழுகிறது. துடிப்பிறங்குதல் போதும்.

வரம்பு மீறல் என்ற பொருள் விடுபடுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நிறுவனம் உறுதியளித்த அளவுக்கு மேலே போவதுதான் இதன் இலக்கணம் என்பது உண்மை. 1998இல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ செயலியை நினைவிருக்கிறவர்கள் இந்தக் குழுவில் இருக்கலாம். அதன் பெருக்கெண் 4.5, மாற்ற முடியாதபடி பூட்டியது. ஆனால் தாய்ப்பலகையின் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்ற செயலி 450இல் ஓடியது. அன்றைக்கு அது மீறல் போலத்தான் இருந்தது. இன்று நிலைமை வேறு. பெயரில் கே என்ற எழுத்து உள்ள இன்டெல் செயலிகளைப் பெருக்கெண் பூட்டாமலேயே விற்கிறார்கள், இசட் வரிசைத் தாய்ப்பலகை வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ரைசன் செயலிகளில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன, ஆனால் ஏ320, ஏ520 போன்ற பலகைகளில் செயலியின் துடிப்பை ஏற்ற முடியாது. டிடிஆர்4 நினைவகத்திலோ பெட்டியிலேயே 3600 என்று அச்சிட்டிருக்கும், நினைவகம் செய்தவர் அதில் பதித்துவைத்த எக்ஸ்எம்பி என்ற அளவுத் தொகுப்பைப் பயாஸில் இயக்கும்வரை அது 2133, 2400, 2666 போன்ற பொது அளவில்தான் ஓடும். இயக்கியவுடன் மின்னழுத்தமும் பெரும்பாலும் 1.2இலிருந்து 1.35 வோல்ட்டுக்குப் போகும். வாங்கியவர் அதை மீறல் என்று நினைப்பதே இல்லை, செயலி நிறுவனத்தின் கணக்கில் அதுவும் ஓவர்கிளாக்கிங்தான். மீறல் என்ற சொல்லைக் கொண்டு இதை விளக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். துடிப்பேற்றல் என்றால் செயலிக்கும் நினைவகத்துக்கும் சிக்கலில்லாமல் பொருந்துகிறது. வேண்டிய இடத்தில் ‘உறுதியளித்த அளவுக்கு மேல் துடிப்பேற்றல்’ என்று அடை சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது இந்த இழையில் யாரும் தொடாத சொல். ஏற்றுவது எளிது. ஏற்றியது நிற்க வேண்டும். ஸ்டேபிள் என்பதற்கு டீச்சரின் வரைவில் ‘நிலைத்தன்மை கொண்ட’ என்று இருக்கிறது. தவறில்லை, ஆனால் அது எப்போதும் உள்ள ஒரு குணம் போல ஒலிக்கிறது. கடையில் பிள்ளைகள் கேட்பது ‘நாலு புள்ளி ஆறுல நிக்குமா?’ என்றுதான். அந்தக் கேள்வி வினையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எந்த வேலையில், எவ்வளவு நேரம், எந்த வெப்பத்தில் என்று சொல்லாமல் ‘நிற்கும்’ என்பதற்குப் பொருளே கிடையாது.

நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் எல்லாவற்றையும் நிறுவன அளவில் வைத்து, முழுப்பாரம் கொடுத்து, வெப்பத்தைக் குறித்துக்கொள்வேன். அந்த நிலையிலேயே பிழை வருகிறது, சூடு எல்லையைத் தொடுகிறது என்றால் ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை. வெப்பப்பசை காய்ந்திருக்கும், அல்லது குளிர்விப்பான் சரியாக அமர்ந்திருக்காது. பிறகு நினைவகத்தைத் தொடாமல் செயலியின் பெருக்கெண்ணை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டிச் சோதிப்பேன். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பிழை வந்தால் மின்னழுத்தத்தில் ஒரு சிறிய படி, 0.01 அல்லது 0.02 வோல்ட் அளவுக்கு. அதற்கும் நிற்கவில்லை, அல்லது சூடு கூடிவிட்டது என்றால் ஒரு படி கீழே. செயலி முடிந்ததும் அதைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து நினைவகம். கடைசியில் இரண்டையும் சேர்த்து மறுபடியும் முழுச்சோதனை. இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி செயலிக்குள்ளேயே இருப்பதால், தனித்தனியே நின்றவை சேர்ந்து நிற்கும் என்று சொல்ல முடியாது.

சோதனை நிரல்களும் ஒரே மாதிரி இல்லை. பிரைம்95 பெரிய பகா எண்களைத் தேடும் திட்டத்துக்காக எழுதப்பட்டது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் செயலியிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதால், கணினி உறைவதற்கு முன்பே பிழையைப் பிடித்துவிடும். மெம்டெஸ்ட்86 இயங்குதளமே இல்லாமல் தனியாக ஏறி நினைவகத்தைச் சோதிக்கும். இந்த வகைச் சோதனைக்குத் தாங்குசோதனை என்ற சொல்லை வைக்கலாம்.

நினைவகப் பிழை பற்றிக் கையேட்டில் அழுத்தமாக எழுதுங்கள் டீச்சர். செயலி தடுமாறினால் பெரும்பாலும் கணினி நின்றுபோகும், தெரிந்துவிடும். நினைவகத்தில் ஒரு பிட் மாறினால் எதுவும் நிற்காமலே போகலாம். நகலெடுத்த படம் பாதியில் நிறம் மாறியிருக்கும், சுருக்கிய கோப்பு விரியாது, கல்யாண வீடியோ தொகுக்கிறவருக்கு ஏதோ ஒரு காட்சி மட்டும் சிதைந்திருக்கும். அது தெரியவருவதற்குள் மூலத்தை அழித்திருப்பார்கள். விளையாட்டு நன்றாக ஓடுகிறதே என்று நினைவகத்தைச் சோதிக்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம்.

வெப்பத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் அறை 26 டிகிரியில் இருக்கும்போது செயலி முழுப்பாரத்தில் 84ஐத் தொட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் அதே அறை 34 ஆனால் செயலியும் ஏறத்தாழ அதே 8 டிகிரி மேலே போகும். ஐப்பசியில் நின்றது சித்திரையில் நிற்காமல் போவதற்கு இவ்வளவு போதும். குளிரூட்டிய அறையில் பிறர் போடும் அளவுகளை இணையத்தில் பார்த்து, முட்டத்திலோ குளச்சலிலோ கடற்கரை வீட்டில் அப்படியே போடக்கூடாது. அங்கே உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து நினைவகத்தின் பொன்முலாம் பூசிய கால்களிலும் அவற்றைச் செருகும் துளையிலும் அழுக்குப் படியச் செய்யும். துடிப்பேற்றியதால் வந்த பிழை என்று நினைத்தது, கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதும் போய்விடுவதுண்டு.

காலமும் ஒரு காரணி. மின்னழுத்தமும் சூடும் கூடக்கூடச் சில்லு மெல்லத் தேய்கிறது, முன்பு போதுமாக இருந்த மின்னழுத்தம் பிறகு போதாமல் போகிறது. ஏற்றாத செயலிக்கே இது நடக்கலாம். 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் வந்த தடுமாற்றத்துக்கு, தேவைக்கு மேல் போன மின்னழுத்தம் காரணம் என்று 2024இல் இன்டெல் நிறுவனமே சொல்லி, செயலியின் உள்நிரலான மைக்ரோகோடுக்குத் திருத்தம் வெளியிட்டது.

இதனால் நான் பரிந்துரைப்பது நிலைப்பு, நிலைக்கும், நிலைக்காத என்ற குடும்பம். ‘இந்தச் செயலி 34 டிகிரி அறையில் 4.5 கிகாஹெர்ட்ஸில் நிலைக்கிறது’ என்று வினையாகவே எழுதலாம். நிலைத்தன்மை என்றால் அப்படி எழுத ‘கொண்டுள்ளது’ என்று இன்னொரு வினையை இரவல் வாங்க வேண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மல்டிபிளையருக்குப் பெருக்கி என்று எழுதினால் ஒலிபெருக்கி, மின்பெருக்கியோடு போய்ச் சேரும். பெருக்கெண் நல்லது. அண்டர்வோல்டிங்குக்கு மின்னழுத்தம் இறக்குதல், அதே இறக்கு. சில்லுக்குச் சில்லு வேறுபடும் தாங்குதிறனைச் சில்லுக் குலுக்கல் என்று கடையில் சொல்கிறோம். அச்சில் வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், எனக்கு இதில் பிடிவாதம் இல்லை.

கையேட்டில் தலைப்புக்குக் கீழே ஒரு தடவை மட்டும் ஓவர்கிளாக்கிங் என்று தமிழ் எழுத்திலேயே கொடுத்துவிடலாம், பிள்ளைகள் இணையத்தில் தேடுவதற்கு அது வேண்டும். அதற்குப் பிறகு முழுக்கத் துடிப்பேற்றல். வரைவின் முதல் பத்தியை இப்படி மாற்றிப் படித்துப் பாருங்கள்:

‘அடிப்படைத் துடிப்பைப் பெருக்கெண்ணால் பெருக்கினால் செயலியின் துடிப்பு கிடைக்கும். பெருக்கெண்ணைக் கூட்டிச் செயலியைத் துடிப்பேற்றலாம். ஒவ்வொரு படியிலும் தாங்குசோதனை செய்து, துடிப்பு நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடு எல்லையைத் தொட்டால் துடிப்பு தானாக இறங்கும். நிலைக்காத துடிப்பில் கணினியைப் பயன்படுத்தக் கூடாது.’

டீச்சர், இதை வகுப்பில் ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் பிள்ளைகள் நின்று திரும்பப் படிக்கிறார்கள் என்று குறித்து இங்கே எழுதுங்கள். துடிப்பிறங்குதல் நீளமாக இருக்கிறது என்பது என் ஐயம், அதற்குச் சுருக்கமான வடிவம் தேவைப்படலாம். மிகைக்கடிகாரம் சொன்ன அண்ணாச்சியும் அதே பத்தியைத் தன் சொல்லை வைத்து எழுதி அனுப்பினால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லலாம்.